வசையும் வதையும்: தென்னார்க்காட்டுக் களரியிலிருந்து ஒரு விசாரணை

மரக்காணம் உப்பளங்களில் பாத்தி கட்டிய கடல்நீர் கோடை வெயிலில் சுண்டி உப்பாகும் மாதங்களும், பழைய தென்னார்க்காட்டு ஊர்களில் திரௌபதி அம்மன் திருவிழா நடக்கும் மாதங்களும் ஏறக்குறைய ஒன்றே. பங்குனி, சித்திரையில் தொடங்கி ஆடி வரை திண்டிவனம், செஞ்சி வட்டாரங்களில் பகலில் பாரதம் படிப்பார்கள். வில்லிபுத்தூரார் பாரதத்தை ஒருவர் பாட இன்னொருவர் பொருள் சொல்லுவார். இரவில் களரி என்ற ஆடுகளத்தில் கூத்து. பத்து நாளோ, அதற்கு மேலோ தொடரும் அந்த விழாவின் ஓர் இரவில், அரசவை நடுவே ஒரு பெண்ணை முடியைப் பிடித்து இழுத்து வருவார்கள். கேட்கக் கூசும் சொற்களால் அவளை ஏசுவார்கள். அவள் சேலையில் கை வைப்பார்கள். இன்னொரு விடியலில் ஒருவன் தொடை பிளந்து விழுவான். அவன் குருதியில் நனைத்த கூந்தலை அவள் முடிவாள். பச்சைக் குழந்தையிலிருந்து பல்லுப்போன பாட்டி வரை எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எந்தத் தணிக்கைச் சான்றிதழும் கிடையாது.

இணையத் திரைகளில் வரலாற்று நாடகங்கள் பெருகிவிட்ட இந்த நாளில், வசைச்சொல்லும் ரத்தமும் எவ்வளவு இருக்கலாம் என்ற வாதம் ஓயாமல் நடக்கிறது. ஒரு தரப்பு பண்பாடு கெடுகிறது என்கிறது. மறுதரப்பு உண்மை அப்படித்தான் இருந்தது என்கிறது. இரண்டு தரப்பும் அளவைப் பற்றியே பேசுகின்றன. நம் களரி இதை வேறொரு கோணத்தில் கையாண்டிருக்கிறது. ஏசப்பட்டவர் அந்த நாடகத்தில் திருப்பிப் பேசுகிறாரா என்பதே அது நமக்குத் தரும் அளவுகோல். அந்த அளவுகோலை அமெரிக்கத் தொடர் ஒன்றிலும், நம் சட்டங்களிலும், கடைசியில் களரியின் மீதேயும் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

தங்க முகாமின் மொழி

வரலாற்றுத் தொடர்களில் வசைமொழி பற்றிய பேச்சு எங்கே எழுந்தாலும் 'டெட்வுட்' என்ற பெயர் வந்துவிடும். டேவிட் மில்ச் உருவாக்கி, எச்.பி.ஓ. தொலைக்காட்சி 2004 முதல் 2006 வரை 36 பகுதிகளாக ஒளிபரப்பிய தொடர் அது. 2019-இல் ஒரு திரைப்படத்தோடு நிறைவுற்றது. கதை நடப்பது 1876-இலும் அதை ஒட்டிய ஆண்டுகளிலும், இன்றைய தெற்கு டகோட்டாவின் கருமலைப் பகுதியில். 1868 ஒப்பந்தத்தின்படி அது லகோட்டா பழங்குடி மக்களுக்கென்று அமெரிக்க அரசு ஒப்புக்கொடுத்த நிலம். 1874-இல் அங்கே தங்கம் இருப்பது தெரிந்ததும் ஒப்பந்தம் காற்றில் போனது. அத்துமீறிக் குடியேறியவர்களின் முகாமாக டெட்வுட் முளைத்தது. அங்கே சட்டம் இல்லை. 1876 ஆகஸ்ட் 2 அன்று வைல்ட் பில் ஹிக்காக் என்ற புகழ்பெற்ற துப்பாக்கி வீரரைச் சீட்டாட்ட மேசையில் ஜாக் மெக்கால் சுட்டுக்கொன்றான். முகாமிலிருந்தவர்களே கூடி விசாரித்து அவனை விடுவித்தார்கள். அந்த விசாரணைக்குச் சட்ட மதிப்பு இல்லை என்று மீண்டும் யாங்க்டன் நகரில் வழக்கு நடந்து, 1877 மார்ச்சில் அவனைத் தூக்கிலிட்டார்கள்.

இந்த மண்ணில் பேசப்படும் மொழியாகத்தான் தொடரில் வசை பெருக்கெடுக்கிறது. கெட்டவார்த்தைகள் இடைவிடாமல் விழுகின்றன. அந்தக் காலத்தில் கேட்பவரை அதிரவைத்தவை பெரும்பாலும் தெய்வ நிந்தனைச் சொற்கள். தொடரில் வருபவையோ உடலுறவைச் சுட்டும் இன்றைய வசைகள் என்று மொழி ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். தொடரின் தேர்வுக்கு ஒரு நியாயம் உண்டு. தெய்வ நிந்தனை இன்றைய பார்வையாளருக்குச் சிரிப்பை வரவழைக்கும். அன்று அது தந்த அதிர்ச்சியை இன்று தர வேண்டுமானால் இன்றைய சொல்தான் வேண்டும்.

ஆனால் என் கவனம் அங்கில்லை. மதுக்கடையும் விபச்சார விடுதியும் நடத்தும் அல் ஸ்வேரெஞ்சன் என்ற பாத்திரம்தான் அந்த முகாமின் அதிகாரம். ஏசுகிறவன் ஆள்கிறவன் என்பதைத் தொடர் அழுத்தமாகக் காட்டுகிறது. ஆங்கிலம் அறியாத சீன வணிகர் வூ அங்கே கற்றுக்கொண்ட மிகச் சில சொற்களில் ஒன்று வசைச்சொல். அந்த ஊரில் பிழைக்க அது போதுமானதாக இருக்கிறது. இவ்வளவும் கூர்மையான சமூக அவதானிப்பு. சறுக்கல் வேறிடத்தில் இருக்கிறது. யாருடைய நிலத்தைப் பிடுங்கி இந்த ஊர் எழுந்ததோ, அந்த லகோட்டா மக்களுக்குத் தொடரில் ஏறத்தாழ வாயே இல்லை. வெட்டப்பட்ட பழங்குடித் தலை ஒன்று பெட்டிக்குள் இருக்கிறது. ஸ்வேரெஞ்சன் அதனிடம் மனம்விட்டுப் பேசுவான். அது பதில் சொல்லாது. வன்முறையின் ஊற்றுக்கண்ணைத் தொடர் அறிந்திருக்கிறது; ஆனால் அங்கிருந்து ஒரு குரலை எழுப்பவில்லை. என் அளவுகோலில் டெட்வுட்டின் மாபெரும் குறை அதன் கெட்டவார்த்தைகளில் இல்லை, இந்த மௌனத்தில் இருக்கிறது.

அதே ஆண்டு, கல்கத்தாவில்

ஹிக்காக் சுடப்பட்ட அதே 1876-இன் டிசம்பரில் கல்கத்தாவிலிருந்து ஆங்கில அரசு நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தை இயற்றியது. அவதூறான, அரசுக்கு எதிரான, ஆபாசமான நாடகங்களைத் தடைசெய்ய அது அதிகாரம் கொடுத்தது. இந்த மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டியது ஏன் என்பதை அதற்கு முந்தைய நிகழ்ச்சிகள் சொல்லும்.

தீனபந்து மித்ரா 1860-இல் எழுதிய 'நீல் தர்ப்பண்' நாடகம், அவுரித் தோட்டத்து வெள்ளை முதலாளிகள் குடியானவர்களை அடித்ததையும் ஏசியதையும், ஒரு கர்ப்பிணிப் பெண்ணைச் சூறையாட முயன்றதையும் மேடையேற்றியது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டதற்காக 1861-இல் பாதிரியார் ஜேம்ஸ் லாங்குக்கு ஒரு மாதச் சிறையும் ஆயிரம் ரூபாய் அபராதமும் கிடைத்தன. 1875-இல் லக்னோவில் அந்தக் காட்சி நடந்தபோது பார்வையாளர்களாக வந்திருந்த வெள்ளையர்கள் கொதித்தெழுந்ததால் நாடகம் நின்றது. 1876 தொடக்கத்தில் 'சுரேந்திர பினோதினி' நாடகத்துக்காக உபேந்திரநாத் தாஸும் அமிர்தலால் பாசுவும் கைதானார்கள். சாட்டப்பட்ட குற்றம் ஆபாசம். உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. ஆபாசக் குற்றச்சாட்டு நிற்காமல் போனதால், அதைவிட அகலமான சட்டம் ஒன்று தேவைப்பட்டது.

நாகரிகத்தைக் காப்பது என்ற பெயரில் ஆட்சியாளர்கள் மறைக்க விரும்பியது தங்கள் சொந்த வசையை, தங்கள் சொந்த வதையை. அடித்தவனின் மொழியை மேடையில் அப்படியே பேசுவது அவனுக்கு எதிரான சாட்சியம் ஆகிவிடுகிறது. அந்தச் சாட்சியத்தை அழிக்க மிக எளிய வழி அதை ஆபாசம் என்று பெயரிடுவது.

விடுதலைக்குப் பிறகும் இந்தப் பழக்கம் போகவில்லை. எம்.ஆர்.ராதாவின் 'இராமாயணம்' நாடகம் தமிழ்நாட்டைக் கலக்கிய பின்னணியில், 1954-இல் சென்னை மாநில அரசு தனக்கென ஒரு நாடகச் சட்டத்தை இயற்றியது. நாடகப் பிரதியைக் காவல்துறையிடம் காட்டி அனுமதி வாங்கும் வழக்கம் பல தலைமுறை நாடகக்காரர்களுக்கு அன்றாடமானது. பரீக்ஷா நாடகக் குழுவின் ஞாநி தொடுத்த வழக்கில் 2013-இல்தான் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பிடியைத் தளர்த்தியது. 1876-இன் மூலச் சட்டம் 2018-இல் நீக்கப்பட்டது. ஆங்கிலேயன் போய் எழுபது ஆண்டுகள் கழித்து!

துகில் உரியும் இரவு

இந்தச் சட்டங்கள் நகர மேடையைப் பார்த்து எழுதப்பட்டவை. 1891-இல் பம்மல் சம்பந்த முதலியார் தொடங்கிய சுகுண விலாச சபை போன்ற அமைப்புகள் படித்தவர்களை மேடையேற்றி நாடகத்துக்கு மரியாதை தேடித் தந்த காலத்தில், ஊர்க் கூத்தைக் கொச்சை என்று ஒதுக்கும் மனமும் கூடவே வளர்ந்தது. கூத்தின் மொழி கொச்சைதான். கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் திரைக்கு முன் வந்து நின்றாலே சிரிப்பு தொடங்கிவிடும். அரசனைக் கிண்டலடிப்பான், ஊர்ப் பெரியவரைச் சீண்டுவான், பச்சையாகவும் பேசுவான். பாட்டு மட்டும்தான் வாத்தியார் பாடம் சொல்லிக் கொடுத்தது. வசனத்தை அந்தந்த இரவில் நடிகர்களே இட்டுக்கட்டுகிறார்கள். அதனால் துச்சாதனன் ஏசும் ஏச்சு ஏட்டில் இருப்பதில்லை. அந்த ஊரில் ஒரு பெண்ணை ஏசுகிறவன் என்னென்ன சொல்வானோ, அதுவே மேடையில் வரும்.

சூது துகிலுரிதல் இரவில் நடப்பதை ரிச்சர்ட் ஃபிராஸ்கா, ஆல்ஃப் ஹில்டெபைட்டல், ஹன்னா டி புருயின் ஆகிய ஆய்வாளர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். கூத்தின் அமைப்பில் மூன்று கூறுகள் நம் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்கின்றன.

முதலாவது, பேச்சு. கூத்தின் திரௌபதி அழுதுகொண்டு மட்டும் நிற்பதில்லை. துச்சாதனனோடு அவள் நீண்ட நேரம் தர்க்கம் செய்கிறாள். தன்னைத் தோற்றபின் என்னை வைத்து ஆடத் தருமருக்கு என்ன உரிமை என்ற கேள்வியைச் சபையை நோக்கி எறிகிறாள். பீஷ்மருக்கும் துரோணருக்கும் விடை தெரியவில்லை. கட்டியக்காரனும் பார்வையாளரும் அந்தச் சபையின் உறுப்பினர்களாகவே இருப்பதால், பதில் சொல்லாத குற்றம் களரியைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் ஊர் மீதும் விழுகிறது. ஏச்சு எவ்வளவு கீழே இறங்குகிறதோ அவ்வளவு மேலே எழுகிறது அவள் வழக்கு.

இரண்டாவது, நடிகரின் பொறுப்பு. சேலையில் கை வைக்கும் முன் துச்சாதன வேடக்காரர் ஆட்டத்தை நிறுத்துவது பல குழுக்களில் வழக்கம். கற்பூரம் ஏற்றி, தான் வேடம் கட்டியவன், அம்மனின் அடியவன் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொள்வார். அதன் பிறகே வன்முறை நடக்கும். திரௌபதியாக நிற்பவரும் ஆண்தான். இருந்தும் அந்த நேரத்தில் நடிகர்களுக்கும் பார்ப்பவர்களுக்கும் அருள் வந்துவிடுவதுண்டு. பொய்யாக நடிக்கும் வன்முறைக்கும் உண்மையான பாரம் உண்டு என்று அங்கே எல்லாரும் அறிந்திருக்கிறார்கள்.

மூன்றாவது, கணக்குத் தீர்ப்பு. அவிழ்ந்த கூந்தல் அன்றிரவோடு முடிந்துபோவதில்லை. அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அரவான் களபலி, கர்ண மோட்சம் என்று இரவுகள் கடந்து பதினெட்டாம் போர் விடியும் வரை அவள் தலைவிரி கோலமாகவே இருக்கிறாள். படுகளத்தில் துரியோதனனின் மாபெரும் மண் உருவம் தரையில் மல்லாந்து கிடக்கும். பீமனும் துரியோதனனும் அதைச் சுற்றியும் அதன்மேலும் ஓடிச் சண்டையிடுவார்கள். தொடை உடையும். கூந்தல் முடியப்படும். அங்கும் கூத்து நிற்பதில்லை. பல ஊர்களில் துரியோதனன் மனைவி பெருந்திருவாள் வந்து ஒப்பாரி வைப்பாள். தண்டனை பெற்றவன் வீட்டுப் பெண்ணுக்கும் அழ இடம் உண்டு. அன்று மாலை ஊர் தீமிதிக்கும்.

வன்முறையைக் குறைத்துக் காட்டியதால் கூத்து கண்ணியமானதல்ல. வன்முறையை அதன் காரணத்தோடும், பட்டவளின் வாதத்தோடும், அதன் விலையோடும் சேர்த்தே காட்டியதால் அது கண்ணியமானது.

களரிக்கு வெளியே நின்றவர்கள்

இத்தோடு நிறுத்தினால் இது வெறும் ஊர்ப்பெருமை ஆகிவிடும். அதே அளவுகோலைக் கூத்தின் மீதும் வைக்க வேண்டும். கட்டியக்காரனின் நகைச்சுவையில் ஒரு பங்கு, பதில் பேச வழியில்லாத பெண்களையும் தாழ்த்தப்பட்ட மக்களையும் மட்டம் தட்டி வாங்கிய சிரிப்பு. அரசனைச் சீண்டும்போது அவன் துணிச்சல்காரன். எளியவரைச் சீண்டும்போது அவனும் துச்சாதனன் பக்கம் போய்விடுகிறான். பெண் வேடத்தை ஆண்களே கட்டி வந்ததால், பெண்ணின் வாதத்தைப் பெண்ணே பேசும் வாய்ப்பு வெகு காலம் கிட்டவில்லை. காஞ்சிபுரத்துக்கு அருகே பி.ராஜகோபாலும் ஹன்னா டி புருயினும் நடத்திய கட்டைக்கூத்துக் குருகுலம் பெண் பிள்ளைகளுக்கும் ஆட்டம் பயிற்றுவித்தது ஒரு முக்கியமான திருத்தம்.

இன்னும் கடினமான உண்மை ஒன்று உண்டு. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் உள்ள திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் நுழைவதை எதிர்த்து எழுந்த தகராறில், 2023 ஜூனில் அதிகாரிகள் கோயிலைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். சபை நடுவே ஒரு பெண்ணுக்கு நியாயம் கேட்டுத் தலைமுறை தலைமுறையாகக் கண்ணீர் விடும் பக்தி, அந்த அம்மன் வாசலில் நிற்கும் மனிதர்களின் நியாயத்தைக் கேட்க மறுத்தது. மரக்காணமும் இதற்கு விலக்கல்ல. 2013 ஏப்ரல் 25 அன்று, சித்திரை முழுநிலவு விழாவுக்கு வாகனங்கள் மாமல்லபுரம் நோக்கிப் போன நாளில், அங்கே கலவரம் மூண்டு தலித் குடியிருப்பில் வீடுகள் எரிந்தன. இந்தக் கரைக்கு வன்முறையைச் சொல்லித்தர எந்தத் தொடரும் வர வேண்டியதில்லை.

கலவரங்களுக்கு முன்னால் வசை வருகிறது. இதை நம் சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது. 1989-இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பட்டியலினத்தவரையும் பழங்குடியினரையும் பொதுமக்கள் பார்வையில் இழிவுபடுத்துவதைக் குற்றமாக்கியது. 2015 திருத்தம் சாதிப் பெயரைச் சொல்லி ஏசுவதைத் தனிக் குற்றமாகவே எழுதியது. அப்படியானால் சாதி வசையை வரலாற்று நாடகத்தில் பேசலாமா? பேசத்தான் வேண்டும். நடந்த கொடுமையை ஒலிநீக்கம் செய்துவிட்டால், கொடுமை செய்தவன்தான் அந்த மௌனத்தால் பயனடைவான். ஆனால் அதைச் சிரிப்புக்காகவோ, வில்லனின் மிடுக்குக்காகவோ பேசினால், சட்டம் குற்றம் என்று சொன்னதையே கலை மறுபடி செய்கிறது.

நீதிமன்றங்கள் கண்ட அளவுகோல்

இந்திய நீதிமன்றங்கள் இந்தக் கேள்வியில் மெல்ல மெல்லத் தெளிவு பெற்றிருக்கின்றன. 1988 ஜனவரியில் தூர்தர்ஷன், பீஷ்ம சாஹ்னியின் பிரிவினை நாவலைத் தழுவிய 'தமஸ்' தொடரை ஒளிபரப்பியபோது, அது மதக் கலவரத்தைத் தூண்டும் என்று வழக்கு வந்தது. கோவிந்த் நிஹலானி இயக்கிய அத்தொடரைப் பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதிகள் தாங்களே பார்த்து அனுமதித்தார்கள். உச்ச நீதிமன்றமும் அதே ஆண்டு பிப்ரவரியில் அதை உறுதிசெய்தது. கலவரத்தைக் காட்டுவது அதன் சூத்திரதாரிகளை அடையாளம் காட்டவே என்பதும், நியாய உணர்வும் மனத்திடமும் உள்ள மனிதரின் கண்ணால் அதைப் பார்க்க வேண்டும் என்பதும் அந்தத் தீர்ப்பின் சாரம்.

1996-இல் சேகர் கபூரின் 'பண்டிட் குயின்' வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதே வழியில் சென்றது. பூலன்தேவியை நிர்வாணமாக ஊர்நடுவே நடக்கவைத்த காட்சி அருவருப்பையும் இரக்கத்தையும்தான் எழுப்பும் என்றது. படத்தின் வசைச்சொற்கள் நாட்டில் அன்றாடம் கேட்பவைதான் என்றும் சொன்னது. தீர்ப்பு சரிதான். ஆனால் தன் வாழ்க்கையை இப்படிக் காட்டக் கூடாது என்று பூலன்தேவியே முன்னர் நீதிமன்றம் ஏறினார் என்பதை மறக்கலாகாது. பிற்பாடு சமரசம் ஏற்பட்டது. அவருக்காகப் பேசிய படம் அவரிடம் கேட்கவில்லை. சட்டத்தின் சோதனையில் தேறிய படைப்பும் களரியின் சோதனையில் திணறக்கூடும்.

2024 மார்ச்சில் இணையத் தொடர் ஒன்றைப் பற்றிய அபூர்வா அரோரா வழக்கில், வசைமொழி வேறு, ஆபாசம் வேறு என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகப் பிரித்தது. கெட்டவார்த்தை காதுக்குக் கசப்பாக இருப்பதாலேயே அது காமத்தைத் தூண்டும் பொருளாகிவிடாது என்பது அதன் முடிவு. இணையத் திரைகளுக்கு 2021 விதிகள் ஏழு, பதின்மூன்று, பதினாறு என்று வயது வரம்புகளைத் தந்திருக்கின்றன. பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இது பயனுள்ள ஏற்பாடு. ஆனால் யார் பார்க்கலாம் என்பதைத்தான் வயது வரம்பு சொல்லும். எப்படிக் காட்ட வேண்டும் என்பதைப் படைப்பாளிதான் தீர்மானிக்க வேண்டும்.

நம் மண்ணின் இரண்டு படைப்புகள்

2021 நவம்பரில் இணையத் திரையில் வெளியான த.செ.ஞானவேலின் 'ஜெய் பீம்', பழைய தென்னார்க்காட்டின் கம்மாபுரத்தில் 1993-இல் நடந்த ராஜாக்கண்ணு காவல் மரண வழக்கிலிருந்து எழுந்தது. படத்தில் காவல் நிலையச் சித்திரவதை நீண்டு வருகிறது. காவலர்களின் வசையும் கூடவே வருகிறது. பார்க்க முடியாமல் கண்ணை மூடிக்கொண்டவர்கள் பலர். ஆனால் படத்தின் மையம் ராஜாக்கண்ணுவின் மனைவியாக வரும் செங்கேணி. வீட்டில் இறக்கிவிட வந்த காவல் வண்டியில் ஏறாமல் அவள் நடந்தே போகிறாள். வண்டி அவள் பின்னால் ஊர்ந்து வருகிறது. ஏசிய அதிகாரத்துக்கு அவள் சொல்லும் பதில் அது. திரௌபதியின் சபைக் கேள்விக்கு நிகரான காட்சி. படத்துக்கு ஒரு குறையும் உண்டு. வழக்கில் பாதிக்கப்பட்ட குறவர் குடும்பத்தைப் படம் இருளர் குடும்பமாக மாற்றியது. வலியைப் பட்டவர்களின் அடையாளமும் அவர்கள் குரலின் ஒரு பகுதிதான்.

2024-இல் வந்த பா.ரஞ்சித்தின் 'தங்கலான்' டெட்வுட்டோடு ஒப்பிடத்தக்கது. இரண்டிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டு, இரண்டிலும் தங்கம், இரண்டிலும் மண்ணைத் தோண்டும் வெறி. 'தங்கலான்' படத்தில் வட ஆர்க்காட்டிலிருந்து ஆங்கிலேயனோடு தங்கம் தேடிப்போகும் உழைக்கும் மக்கள் கதையின் நடுவில் நிற்கிறார்கள். அமெரிக்கத் தொடரில் பெட்டிக்குள் கிடந்த தலை, இங்கே பேசுகிறது, சண்டையிடுகிறது, கனவு காண்கிறது. திரைக்கதையில் சிக்கல்கள் இருந்தாலும் பார்வை நின்ற இடம் சரியான இடம்.

வைக்க வேண்டிய கேள்விகள்

வரலாற்று நாடகம் எழுதுகிறவர்களும் அதை மதிப்பிடுகிறவர்களும் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம். இந்த வசையை யார் யாரை நோக்கிச் சொல்கிறார், அதனால் எந்த அதிகாரம் நிலைக்கிறது? ஏசப்பட்டவருக்கு, அடிபட்டவருக்கு இந்தக் கதையில் பேச இடம் இருக்கிறதா? இந்த வன்முறையின் விலையைக் கதை கடைசிவரை சுமக்கிறதா, அடுத்த காட்சியில் இறக்கி வைத்துவிடுகிறதா? இந்த மூன்றுக்கும் நேர்மையாகப் பதில் சொல்லும் படைப்பில் எவ்வளவு கடுஞ்சொல் இருந்தாலும் அது நம் பிள்ளைகளைக் கெடுக்காது. இவற்றில் தோற்கும் படைப்பு ஒரு கெட்டவார்த்தைகூட இல்லாமல் மிகச் சுத்தமாக இருந்தாலும் தீங்கானதுதான்.

தணிக்கை அதிகாரிகளுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: அடித்தவனின் மொழியை அழிக்காதீர்கள், அது சாட்சியம். படைப்பாளிகளுக்குச் சொல்ல வேண்டியது இன்னொன்று: அந்தச் சாட்சியத்தை விற்பனைச் சரக்காக்காதீர்கள். வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கோடையில் திண்டிவனம், செஞ்சிப் பக்கம் ஏதேனும் ஓர் ஊரில் துகிலுரிதல் கூத்து நடக்கும். ஓர் இரவு கண்விழித்துப் போய்ப் பாருங்கள். சபையில் எழும் கேள்வியைக் கேளுங்கள். களரியில் யாருக்கு இடம் இருக்கிறது, யாருக்கு இல்லை என்பதையும் கவனியுங்கள். இடம் இல்லாதவர்களுக்கு இடம் கேட்டுப் பேசுவது நம் கடமை.